ஹோல்சேல் ரேட்ல கரண்ட்: டெக்சாஸ்ல மக்கள் எங்கெல்லாம் கோட்டை விட்டாங்க

ஊர்ல கரண்டுன்னா ஈபி, அவ்ளோதான், வேற கேள்வியே கிடையாது. டெக்சாஸுக்கு வந்து இறங்குற நம்மாளுங்க முதல்ல முழிக்கிறது இந்த விஷயத்துலதான், ஏன்னா 2002லேர்ந்து ஹூஸ்டன், டாலஸ், ப்ளேனோ, இர்விங் மாதிரி நிறைய இடத்துல கரண்ட் விக்கிற கம்பெனிய நாமளேதான் தேடிப் பிடிக்கணும். (ஆஸ்டின், சான் அன்டோனியோ சிட்டிக்காரங்க தப்பிச்சீங்க, அங்க சிட்டியோட சொந்த கம்பெனிதான்.) வயர், கம்பம், மீட்டர் எல்லாம் ஆன்கார், சென்டர்பாயின்ட் மாதிரி வேற கம்பெனிங்களோடது, நாம தேர்ந்தெடுக்கறது பில் அனுப்புற கம்பெனிய மட்டும்தான். அந்த லிஸ்ட்ல ஒரு காலத்துல ரொம்ப மலிவா தெரிஞ்சது ஹோல்சேல் ப்ளான். வீடுகளுக்கு அது இப்ப தடை, ஆனா அதுல மாட்டினவங்க பண்ண தப்புங்க வேற வேற ப்ளான்ல இன்னைக்கும் நடக்குது.

மொதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். டெக்சாஸ் கிரிட்ட, அதாவது ஊர் ஊரா கரண்ட் கொண்டு போற நெட்வொர்க்க, நடத்துறது எர்காட்ங்கற அமைப்பு. கரண்ட் தயாரிக்கிறவங்க எல்லாம் அங்க ரேட் போடுவாங்க, அன்னன்னிக்கு தேவை எவ்ளோ, சப்ளை எவ்ளோங்கறத வெச்சு 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை விலை மாறிட்டே இருக்கும். சாதாரண கம்பெனி என்ன பண்ணும்னா முன்கூட்டியே மொத்தமா வாங்கி வெச்சுக்கிட்டு நமக்கு யூனிட் இவ்ளோன்னு ஒரே ரேட்டுக்கு குடுக்கும், மார்க்கெட்ல விலை எகிறினா அது அவன் தலைவலி, அதுக்குன்னு நம்மகிட்ட கொஞ்சம் கூட வாங்கிக்குவான். ஹோல்சேல் ப்ளான்ல அந்த நடுவாள் ரிஸ்க்க எடுக்கறதே இல்ல. கிரிட்டின்னு ஒரு கம்பெனி இதுல பேர் போனது, மாசம் 9.99 டாலர் ஃபீஸ், அது போக மார்க்கெட்ல என்ன விலையோ அது, வயர் சார்ஜ் தனி. நல்ல நாள்ல யூனிட் 2, 3 சென்ட்தான் வரும், காத்து பலமா அடிக்கிற ராத்திரில விலை ஜீரோவுக்கும் கீழ போன கதையெல்லாம் உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு.

கோயம்பேடு ரேட்டுக்கே தக்காளி வாங்கற மாதிரின்னு நினைச்சுதான் எல்லாரும் சேர்ந்தாங்க. ஆனா தக்காளி கிலோ 150 ஆனா புளிக்குழம்பு வெச்சுட்டுப் போயிடலாம், வெளிய மைனஸ்ல குளிர் இருக்கும்போது ஹீட்டர வேண்டாம்னு சொல்ல முடியாது. அதுவும் போக எவ்ளோ ஏறும்னு ஒரு கணக்கு இருக்கில்ல, அதத்தான் யாரும் பாக்கல. எல்லாரும் பாத்தது வருஷ சராசரி. பாக்க வேண்டியிருந்தது உச்ச விலை. அன்னைக்கு டெக்சாஸ் மார்க்கெட்ல விலைக்கு உச்ச வரம்பு ஒரு மெகாவாட்-ஹவருக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 9,000 டாலர், அப்படி சொன்னா நமக்கு உறைக்காது, யூனிட்டுக்கு மாத்தினா 9 டாலர். 3 சென்ட்லேர்ந்து 9 டாலர்னா 300 மடங்கு.

வீட்டுக்குள்ள வெச்சு பாருங்க. இங்க டேங்க் வாட்டர் ஹீட்டர் பொதுவா 4,500 வாட், அரை மணி நேரம் ஓடினா ரெண்டேகால் யூனிட், அதாவது ஒரு ஆளு சுடுதண்ணில குளிக்க கிட்டத்தட்ட 20 டாலர். அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் போட்டா 9 டாலர். எலக்ட்ரிக் ஹீட்டிங் இருக்கற வீடு கடுங்குளிர்ல ஒரு நாளைக்கு 100 யூனிட் இழுக்கறது பெரிய விஷயமே இல்ல, அப்போ ஒரு நாளைக்கு 900 டாலர்.

2021 பிப்ரவரில ஊரிங்கற பனிப்புயல் வந்தப்ப இதுதான் நடந்துச்சு. கேஸ் பைப் உறைஞ்சு போச்சு, பவர் ப்ளான்ட் ஒண்ணு மாத்தி ஒண்ணு நின்னுச்சு, 45 லட்சம் வீட்டுக்கு மேல இருட்டு. கரண்ட் இல்லாதவங்க குளிர்ல நடுங்கினாங்க, கரண்ட் இருந்த கிரிட்டி கஸ்டமருங்க மீட்டரப் பாத்து நடுங்கினாங்க. டாலஸ் பக்கத்துல ரிடையர் ஆன ஒருத்தருக்கு வந்த பில் 16,752 டாலர்.

இதுல அடுத்த தப்பு, ரேட் ஏறினா அந்த நேரம் மட்டும் யூஸ் பண்ணாம இருந்துக்கலாம்கற நம்பிக்கை. வெயில் காலத்துல சாயங்காலம் ஒரு மணி நேரம் ஏறிச்சுன்னா ஏசி டெம்பரேச்சர கொஞ்சம் கூட்டி வெச்சு சமாளிக்கலாம், 2019 ஆகஸ்ட்லயும் விலை 9 டாலரத் தொட்டுட்டு சீக்கிரமே இறங்கிடுச்சு, அதப் பாத்து பயந்து விலகினவன் புத்திசாலி, அவ்ளோதானான்னு இருந்தவன் 2021ல மாட்டினான். ஏன்னா இந்த தடவை விலை மணிக்கணக்குல இல்ல, நாள்கணக்குல நின்னுச்சு. அதுவும் மார்க்கெட் தானா நிக்க வெச்சது இல்ல, கரண்ட் விஷயத்த மேற்பார்வை பாக்கற மாநில கமிஷனே பிப்ரவரி 15ஆம் தேதி விலை உச்சத்துலயே இருக்கட்டும்னு உத்தரவு போட்டுச்சு. 17ஆம் தேதி ராத்திரியே பவர் கட் முடிஞ்சும் 19ஆம் தேதி காலை வரைக்கும் 9 டாலர்தான். அந்த கூடுதல் நேரத்துக்கு மட்டும் 1,600 கோடி டாலர் அதிகமா போயிருக்குன்னு மார்க்கெட்ட கண்காணிக்கிற அமைப்பே சொல்லிச்சு. அதனால உச்ச வரம்பு இருக்கே, அரசாங்கம் பாத்துக்கும்னு நினைக்கறதும் தப்புதான், அந்த வரம்பு நம்மள காப்பாத்த வெச்சது இல்ல.

தேவைப்பட்டா வேற கம்பெனிக்கு மாறிக்கலாம்கறதும் அப்படித்தான். கிரிட்டிய ஒரு விஷயத்துல குறை சொல்ல முடியாது, புயல் உச்சத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் மெயில் அனுப்பி தயவு செஞ்சு வேற கம்பெனிக்குப் போயிடுங்கன்னு சொன்னாங்க, எந்த கம்பெனி இப்படி சொல்லும் சொல்லுங்க. ஆனா லாங் வீக்எண்ட், அந்த நேரம் பாத்து நிறைய பேரால உடனே மாற முடியல. எல்லாருக்கும் ஒரே நாள்ல வெளிய போகணும்னா கதவு திறக்காது.

எனக்கு இதுல பெரிய தப்பா படறது ஆட்டோபே. பேலன்ஸ் குறைஞ்சா கார்டுலேர்ந்து தானா எடுத்துக்கற ஏற்பாடு, சாதாரண மாசத்துல நிம்மதி, அந்த வாரம் மட்டும் நூறு நூறா, ஆயிரம் ஆயிரமா உருவிட்டே இருந்துச்சு. பின்னாடி ஆகஸ்ட்ல மாநில அட்டர்னி ஜெனரலோட செட்டில்மென்ட்ல 24,000 பேரோட கட்டாத பில் 2.9 கோடி டாலர் தள்ளுபடி ஆச்சு. கட்டாத பில்னு இருக்கறத கவனிங்க. ஏற்கனவே கார்டுலேர்ந்து எடுத்தது வேற கணக்கு, அந்த காச கேட்டு திவால் கேஸ்ல க்ளைம் போட்டு வரிசைல நிக்க வேண்டியிருந்துச்சு. கிரிட்டிய பிப்ரவரி கடைசிலயே எர்காட் மார்க்கெட்ட விட்டு தூக்கிடுச்சு, மார்ச்ல மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாங்க.

2021 செப்டம்பர்லேர்ந்து வீடுகளுக்கும் சின்ன கடைகளுக்கும் ஹோல்சேல் விலைல ப்ளான் விக்கக் கூடாதுன்னு சட்டம். உச்ச வரம்பும் 2022லேர்ந்து 5,000 டாலர், அதாவது யூனிட் 5 டாலர், அதுவே கொடுமைதான். பெரிய பிசினஸ் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னும் இந்த ப்ளான் உண்டு, ரிஸ்க் தெரியும்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுப்பாங்க, மோட்டல், குடோன் நடத்துறவங்க அந்த பேப்பர படிக்காம போடாதீங்க.

வீட்டுக்காரங்களுக்கு இப்ப இருக்கற பொறி வேற. ப்ளான்கள ஒப்பிட்டுப் பாக்க மாநிலம் நடத்துற பவர் டூ சூஸ் சைட்ல 1,000 யூனிட்டுக்கு சராசரி ரேட்னு போட்டிருக்கும், சில ப்ளான்ல 1,000 தாண்டினா பெரிய தொகை தள்ளுபடி, 990ல நின்னா ஒண்ணும் கிடையாது, அப்போ மைல்டான மாசத்துல பில் கூட வரும். ஒவ்வொரு ப்ளானோடயும் வர்ற ஃபேக்ட்ஸ் லேபிள்ங்கற விவரத்தாள்ல 500, 1,000, 2,000 யூனிட் மூணுக்கும் ரேட் இருக்கும், மூணையும் பாத்துட்டு உங்க பழைய பில் எல்லாத்தையும் மாசாமாசம் வெச்சு போட்டுப் பாருங்க. ராத்திரி கரண்ட் ஃப்ரீங்கற ப்ளான்னா பகல் ரேட் என்னன்னு அதே லேபிள்லதான் இருக்கும். அப்புறம் கான்ட்ராக்ட் முடியற தேதி, அத விட்டீங்கன்னா கம்பெனி உங்கள மாசாமாசம் மாறுற வேரியபிள் ரேட்ல தள்ளிடும், அது பெரும்பாலும் பழைய ரேட்ட விட ஜாஸ்தி. முடியறதுக்கு 14 நாள் முன்னாடிலேர்ந்து வேற கம்பெனிக்குப் போனா கேன்சலேஷன் ஃபீஸ் கிடையாது, அந்த தேதிய சைன் பண்ற அன்னைக்கே போன் கேலண்டர்ல போட்டு வெச்சிடுங்க.