ஒரே வட்டத்தில் பல நம்பிக்கைகள்: ஊருக்குள் மத உரையாடல் நடத்தும் முறை

மாதா கோவில், சி.எஸ்.ஐ. ஆலயம், மாடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபை, முனையில் பிள்ளையார், நாலு தெரு தள்ளிப் பள்ளிவாசல். தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் இது சாதாரணக் காட்சி. நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் பலகாரமும் வீட்டுக்கு வீடு போய்வருகின்றன. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் உண்மையில் எதை நம்புகிறார் என்று கேட்டால், நமக்குத் தெரிந்ததெல்லாம் நம் பக்கத்தில் யாரோ அவரைப் பற்றிச் சொன்னதுதான். அதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள மாதம் ஒருமுறை கூடும் ஒரு சிறு குழுவை எப்படித் தொடங்கி நடத்துவது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

அடிப்படை விதி ஒன்றுதான். மற்றவர் நம்பிக்கையை அவர் வாயிலிருந்தே கேளுங்கள். கேட்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் சொன்ன பிறகே உங்கள் கருத்தைத் தொடங்குங்கள்.

யார், எத்தனை பேர், எப்போது

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப்பேர் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். ஒவ்வொரு நம்பிக்கையிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் அவர் தன் மதத்துக்கே வக்கீலாகிவிடுகிறார். இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். ஒரு மதத்துக்குள் எத்தனை குரல்கள் உண்டு என்று மற்றவர்களுக்குப் புரிவது அப்போதுதான்.

கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே ஆகியோரை ஒரே "கிறிஸ்தவர்" கணக்கில் அடைக்காதீர்கள். இந்த வட்டத்தில் மிகக் கடினமான பேச்சு பெரும்பாலும் இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் நடுவில் வருவதில்லை, கத்தோலிக்கருக்கும் பெந்தெகொஸ்தேக்காரருக்கும் நடுவில்தான் வருகிறது. ஒரே வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் "தெரிந்தே தவறு செய்கிறவர்" என்று எளிதில் நினைத்துவிடுகிறார்கள்.

முதல் மூன்று கூட்டங்களுக்கு ஃபாதர், பாஸ்டர், ஹஜ்ரத், குருக்கள் யாரையும் உட்கார வைக்க வேண்டாம். அவர்கள் இருந்தால் மற்றவர்கள் வாய் திறக்காமல் அவர்கள் முகத்தையே பார்ப்பார்கள். அதேசமயம் அவர்களுக்குத் தெரியாமலும் நடத்தக் கூடாது. சின்னச் சபைகளில் பாஸ்டருக்குத் தெரியாமல் விசுவாசி ஒருவர் இப்படி ஒரு இடத்துக்குப் போனால் அடுத்த ஞாயிறு அவருக்குச் சங்கடம். முன்பே நேரில் போய், என்ன பேசப்போகிறோம், என்ன செய்யமாட்டோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வெள்ளி நண்பகல் ஜும்மா, ஞாயிறு காலை ஆராதனை. அட்வென்டிஸ்ட் சபையினர் இருந்தால் சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். ரமலானில் நோன்பு திறந்த பிறகுதான் கூட்டம். இடம் நூலக அறையாகவோ பள்ளி வகுப்பறையாகவோ இருக்கட்டும். ஆலய மண்டபத்தில் கூடினால் அடுத்த முறை வேறு தரப்பின் இடத்தில் கூட வேண்டும். நாற்காலிகள் வட்டமாக, நடுவில் மேசை இல்லாமல்.

சுண்டலும் தேநீரும் போதும். பிரசாதத்தைப் பொதுத் தட்டில் கலக்காதீர்கள். சிலைகளுக்குப் படைத்த உணவு பற்றிப் பேசும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 அதிகாரங்களைக் காட்டிப் பல கிறிஸ்தவர்களும், குர்ஆனின் 2:173 வசனத்தைக் காட்டிப் பல முஸ்லிம்களும் அதைத் தவிர்க்கிறார்கள். தட்டை நீட்டியவருக்கு அது அவமதிப்பாகத் தெரியும், மறுத்தவருக்கோ அது மனசாட்சி. தனித்தட்டில் வைத்து "இது கோவில் பிரசாதம்" என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் சங்கடம் இல்லை.

சொற்கள்: பாதிச் சண்டை இங்கேதான்

கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பதை சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்தச் சபையார் ஞானஸ்நானம் என்கிறார்கள். இதேபோல் தூய ஆவி/பரிசுத்த ஆவி, தொடக்கநூல்/ஆதியாகமம், திருப்பாடல்/சங்கீதம். இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒருவர் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்க, பக்கத்திலிருப்பவர் "ஆண்டவரே என் ஆயர்" என்பார். இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வந்தும், பல சபைகளில் பழைய மொழிபெயர்ப்பே மனப்பாடமாக இருக்கிறது. யாரையும் அவர் சொல்லிலிருந்து நகர்த்த வேண்டாம். முதல் கூட்டத்தில் ஒரு தாளில் இந்த இணைச்சொற்களை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய சொற்களையும் அன்றே பேசிவிடுங்கள். "விக்கிரக ஆராதனைக்காரர்", "அஞ்ஞானி", "துலுக்கர்", "காஃபிர்", "அல்லேலூயா கூட்டம்", கத்தோலிக்கரின் கூடுதல் ஏழு நூல்களைக் குறிக்கும் "தள்ளுபடி ஆகமம்". இவற்றைப் பேசுகிறவர் பல நேரம் பழக்கத்தில்தான் பேசுகிறார், ஆனால் கேட்கிறவர் அன்றோடு மனக்கதவைச் சாத்திவிடுகிறார். பெயர் தெரிந்த ஒருவரை "பாய்" என்றே கூப்பிடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது உறவு, சிலருக்கு அது முத்திரை.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. "கும்பிடுகிறேன் ஐயா" என்று பெரியவரிடம் சொல்கிறோம், சாமியையும் கும்பிடுகிறோம். ஒரே சொல் மரியாதைக்கும் வழிபாட்டுக்கும். "மாதாவைக் கும்பிடுகிறோம்" என்று கத்தோலிக்கர் சொன்னதும் பெந்தெகொஸ்தேக்காரர் அதை ஆராதனை என்று எடுத்துக்கொள்கிறார். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, படங்களுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம் என்ற வேறுபாட்டை 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கமே வரையறுத்திருக்கிறது. "உங்களுக்கு இந்த இடத்தில் கும்பிடுவது என்றால் என்ன?" என்ற கேள்வி ஒரு மணி நேர வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும். அதன் பிறகும் பெந்தெகொஸ்தேக்காரர் அதை ஏற்காமல் இருக்கலாம். ஆனால் இப்போது அவர் மறுப்பது கத்தோலிக்கர் உண்மையில் சொன்னதை.

"கத்தோலிக்கர் இரண்டாம் கட்டளையை எடுத்துவிட்டார்கள்" என்பதும் அடிக்கடி வரும் குற்றச்சாட்டு. பத்துக் கட்டளைகளுக்கு வேதத்தில் எண் போடப்படவில்லை. சிலை பற்றிய பகுதியைக் கத்தோலிக்கர் முதல் கட்டளைக்குள் சேர்த்து எண்ணுகிறார்கள், பேராசை பற்றியதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். லுத்தரன் சபையாரும் இதே வரிசையில்தான் எண்ணுகிறார்கள். யாத்திராகமம் 20-ஐ இரண்டு தரப்பு வேதத்திலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

தொண்ணூறு நிமிடம்

வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் நடத்துநர்களாக இருக்கட்டும். முதல் 10 நிமிடம் விதிகளுக்கு. ஆளுக்கு மூன்று நிமிடமாக ஒரு சுற்று, குறுக்கே யாரும் பேசக் கூடாது. எட்டுப் பேருக்கு 25 நிமிடம் ஆகும், பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு நிமிடமாகக் குறையுங்கள். அடுத்த 35 நிமிடம் ஒரு சிறு பகுதியை வாசித்துப் பேச. மிச்சம் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கும் ஒரு கடைசிச் சுற்றுக்கும்.

எழுதிக் கேட்பது இந்த மண்ணில் புதிதல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் சொந்தச் சொல்லில் எழுதிய பதில்களை வாங்கினார். அவை ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் அந்தப் பதில்களில் பேசுவது தமிழர்களே. வாயால் கேட்டால் சூடாகிவிடும் கேள்வி, காகிதத்தில் எழுதும்போது தானாகவே பணிவாகிறது. முன்வாரமே ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி வாங்கிவிடுங்கள். "ஏன் நீங்கள்..." என்று தொடங்கும் கேள்வி குற்றச்சாட்டாக ஒலிக்கும். "இதை உங்கள் வீட்டில் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

வாசிக்கும் ஒவ்வொரு பகுதியும் பதினைந்து வசனத்துக்குள் இருக்கட்டும். முதல் கூட்டத்துக்குக் குறள் சரி. ஆனால் எப்போதும் குறளையே எடுத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் எதையும் கற்கமாட்டார்கள். இரண்டாம் கூட்டத்துக்கு லூக்கா 1:26-38-ஐயும், குர்ஆனில் மர்யம் அத்தியாயத்தின் 16 முதல் 21 வரையுள்ள வசனங்களையும் சேர்த்து வைக்கலாம். இரண்டிலும் ஒரு கன்னிப் பெண்ணிடம் வானதூதர் வருகிறார். ஒற்றுமையில் தொடங்கி வேறுபாட்டுக்கு இயல்பாகப் போகலாம். "இறைமகன்" என்பதை உடல்வழிப் பிறப்பாக எடுத்துக்கொண்டு மறுக்கும் முஸ்லிமிடம், கிறிஸ்தவர் தாங்களும் அந்தப் பொருளில் சொல்லவில்லை என்று விளக்கலாம். 325-இல் நிசேயாவில் எழுதப்பட்ட விசுவாச அறிக்கை "உண்டாக்கப்பட்டவரல்ல" என்று ஏன் அழுத்திச் சொல்கிறது என்றும் காட்டலாம். அதன் பிறகும், இறைவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்னும் குர்ஆனின் இக்லாஸ் அத்தியாயத்தின் நான்கு வசனங்கள் முஸ்லிமுக்கு வேறொன்றைச் சொல்லும். அங்கேயே நிற்கட்டும். இணக்கம் வர வேண்டிய கட்டாயமில்லை.

கடைசிச் சுற்றுக்கு ஸ்வீடன் நாட்டு ஆயர் கிரிஸ்டர் ஸ்டெண்டால் தந்த வழியைப் பயன்படுத்துங்கள். 1985-இல் ஸ்டாக்ஹோமில் மார்மன் சபையார் ஆலயம் கட்ட எதிர்ப்பு எழுந்தபோது அவர் மூன்று விதிகளைச் சொன்னார். ஒரு மதத்தைப் பற்றி அந்த மதத்தாரிடமே கேள். உன் மதத்தின் சிறப்பை அவர்கள் மதத்தின் கேட்டோடு ஒப்பிடாதே. அவர்களிடம் பார்த்து ஏங்கத்தக்கது ஒன்றுக்கு மனத்தில் இடம் வை. மூன்றாவதை ஆளுக்கு ஒரு வாக்கியமாகக் கேளுங்கள். ஐந்து வேளைத் தொழுகையின் ஒழுங்கைப் பார்த்து ஒருவர் ஏங்கலாம், கண்ணீரோடு சத்தமாக ஜெபிக்கும் துணிவைப் பார்த்து இன்னொருவர் ஏங்கலாம்.

இரண்டு வாக்கியங்கள்

"எல்லா மதமும் ஒன்றுதான்" என்று இந்து நண்பர் பெருந்தன்மையாகச் சொல்வார். முஸ்லிமுக்கும் பெந்தெகொஸ்தேக்காரருக்கும் அது "உன் நம்பிக்கையில் தனியாக ஒன்றுமில்லை" என்று கேட்கும். "இயேசு ஒருவரே வழி" என்று யோவான் 14:6-ஐப் பெந்தெகொஸ்தேக்காரர் அன்போடு சொல்வார். மற்றவருக்கு அது "உன் அம்மா அப்பா நரகத்துக்குப் போனார்கள்" என்று கேட்கும். இரண்டையும் தடை செய்யாதீர்கள். உள்ளத்தில் இருப்பதைப் பூட்டி வைத்துவிட்டு நடத்தும் உரையாடல் வெறும் உபசாரம். சொன்னவரிடம் நடத்துநர் கேட்க வேண்டியது: "இதனால் எதிரே இருக்கும் இவரைப் பற்றி என்ன சொல்ல வருகிறீர்கள்?" கேட்டவரிடம்: "உங்கள் காதில் எப்படி விழுந்தது?"

மதமாற்ற விஷயத்தையும் மறைக்காதீர்கள். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு நம்பிக்கையைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமை இருப்பதை ஏற்றுக்கொண்டே, இந்த வட்டத்துக்குள் யாரும் யாரையும் அழைப்பதில்லை என்று எல்லோரும் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். கைப்பிரதி கூடாது. நோயாளிக்கு "ஜெபிக்கலாமா" என்று கேட்டுச் சம்மதம் வாங்காமல் தலையில் கை வைக்கக் கூடாது. "தாய் மதத்துக்குத் திரும்பு" என்பதும் அழைப்புதான். தன் நம்பிக்கை அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல ஒருவர் விரும்பினால் அவருடைய மூன்று நிமிடத்தில் சொல்லட்டும், யாரும் அதை விசாரிக்க வேண்டாம்.

பேச்சு உடையும்போது

குரல் உயர்ந்தால் ஒரு நிமிடம் மௌனம். பிறகு புண்பட்டவரிடம் "எந்தச் சொல்?" என்று மட்டும் கேளுங்கள். முழு வரலாற்றையும் கேட்டால் அயோத்தி முதல் சிலுவைப்போர் வரை எல்லாம் வந்து உட்காரும். சொன்னவர் அந்தச் சொல்லை மாற்றிச் சொல்லட்டும். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் அன்றைய கூட்டத்தை அங்கேயே நிறுத்தலாம், அதில் தோல்வி ஒன்றுமில்லை.

சாதி அடிக்கடி மத வேடத்தில் வரும். கல்லறையில் தனி இடம், தேர் போகாத தெரு. இவற்றை இறையியலாகப் பேசி மழுப்பாமல் தனிக் கூட்டம் வைத்துப் பேசுங்கள். பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் நேரம், இடம் தவிர எதுவும் வரக் கூடாது. மூன்று மாத நட்பை ஒரே ஒரு ஃபார்வர்டு காணொளி முடித்துவிடும்.

பொதுவான கூட்டுப் பிரார்த்தனை வேண்டாம். பலருக்கு அது மனசாட்சிக்கு எதிரானது. அதற்குப் பதிலாக, நான்கைந்து கூட்டங்களுக்குப் பிறகு ஒருவர் வழிபாட்டிடத்துக்கு மற்றவர் போய்ப் பார்க்கலாம். அழைப்பவர் முந்தின நாளே விளக்கிவிட வேண்டும்: எங்கே உட்காரலாம், எப்போது எழ வேண்டும், பள்ளிவாசலில் பெண்கள் பகுதி எங்கே, கோவிலில் கொடிமரத்துக்கு அப்பால் மற்ற மதத்தாருக்கு அனுமதி உண்டா. திருப்பலியில் நற்கருணை கொடுக்கும்போது எல்லோரும் வரிசையில் எழுந்து போவார்கள், விவரம் தெரியாத விருந்தாளியும் கூடவே எழுந்துவிடுவார். கத்தோலிக்கர் அல்லாதவர் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம், அதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள் என்று முன்பே சொல்லி, கூட்டிப்போனவர்களில் ஒருவரும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.