வீடு யாழ்ப்பாணம், பேஸ் (வேலை தொடங்கும் விமான நிலையம்) கட்டுநாயக்க: விமானிகளுக்கு ஒரு கணக்கு

வீடு மாறுவதா, போய்வருவதா என்று முடிவெடுக்க முதல், கடைசி 3 மாத ரோஸ்டரை (வேலை அட்டவணையை) எடுத்து ஸ்டான்ட்பை நாட்களை எண்ணுங்கோ. கூப்பிட்டவுடன் போய் நிற்கவேண்டிய நாளில் சுமார் 360 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீடு உதவாது. கட்டுநாயக்கவுக்குப் பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் அறை எடுத்தே ஆகவேண்டும். அந்த வாடகையையும் பயணச்செலவோடு கூட்டுங்கோ; பலர் விடுவது இதைத்தான்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து இரத்மலானைக்குப் பறந்தாலும் அது கொழும்புக்குத் தெற்கே, கட்டுநாயக்க வடக்கே. நகர நெரிசலுக்கும் நேரம் ஒதுக்கவேணும்.

இரவு பஸ்ஸில் வந்திறங்கி நேரே கொக்பிட்டுக்குப் போகவேண்டாம். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தால், இரத்தத்தில் 0.05% மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் கவனம் மங்கும். முதல் நாளே போய்ப் படுங்கோ. ஸ்டான்ட்பை கூடிய ஜூனியர் என்றால், இப்போதைக்கு நீர்கொழும்புதான் சரி.