தோலுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்? வாக்கியம் வழியாகச் சொல் பழகும் முறை

வேலூர் காந்தி ரோட்டில் பெட்டியோடு யாராவது ஆட்டோவிலிருந்து இறங்கினால் போதும், லாட்ஜ் பையன் ஓடிவந்து ‘ரூம் லாக்பே?’ என்பான். ரூம் வேண்டுமா என்று பெங்காலியில் கேட்கிறான். சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆண்டு முழுக்க ஆட்கள் வருவதால் அந்தப் பக்கம் மருந்துக்கடை, மெஸ், டீக்கடை எல்லாவற்றிலும் பெங்காலி ஓடும். அந்தப் பையன் அகராதியைத் திறந்தே இருக்க மாட்டான். ‘லாக்பே’வுக்கு மட்டும் தனியாக அர்த்தம் கேட்டால் முழிப்பான். ஆனால் முழு வாக்கியமாகப் பிடித்துக்கொண்டான். அப்புறம் ரூமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆட்டோ, சாப்பாடு என்று போட்டுப் பேசுகிறான்.

ஆங்கிலத்துக்கும் இதே வழிதான். கூடுதலாக ஒரு நோட்டும் மூன்று அட்டைப்பெட்டியும் வேண்டும். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நோட்டில் நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு காலத்தில் தினம் பத்துச் சொல் என்று அகராதியை மனப்பாடம் செய்தவன்தான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம், மேனேஜர் என்னை கோடவுனுக்கு அனுப்பி ‘கவுன்ட் தி ஹைட்ஸ்’ என்றார். எனக்குத் தெரிந்த ‘ஹைட்’ ஒளிந்துகொள்வது. எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் போல என்று மூலை மூலையாகத் தேடினேன். அவர் எண்ணச் சொன்னது என் காலடியில் உப்புப் போட்டு அடுக்கியிருந்த மாட்டுத்தோல்களை.

முதல் படி: சொல்லை உங்கள் நாளிலிருந்து எடுங்கள்

அகராதியில் ‘ஏ’ எழுத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்து ‘பி’யைத் தாண்டிய யாரையும் நான் பார்த்ததில்லை. இன்று எங்கே போனீர்கள், எந்த போர்டைப் பார்த்தீர்கள், எந்த அறிவிப்பைக் கேட்டீர்கள்? அதிலிருந்து ஐந்து சொல் போதும். காட்பாடி ஜங்ஷனில் வண்டிக்கு நிற்பவர்களுக்கு இது இலவச வகுப்பு. ஒரே அறிவிப்பு தமிழிலும் வரும், ஆங்கிலத்திலும் வரும். அர்த்தத்தைத் தேட வேண்டிய வேலைகூட இல்லை.

சொல் கிடைக்காத நாளுக்கு ஆக்ஸ்ஃபர்டு 3000 என்ற பட்டியல் இணையத்தில் இருக்கிறது. கற்பவர்களுக்கு முக்கியமான 3000 சொற்களை ஏ1 முதல் பி2 வரை நிலை பிரித்துத் தந்திருக்கிறார்கள். ஏ1-இல் தொடங்குங்கள். ‘எளிதாக இருக்கிறதே’ என்று தாண்ட வேண்டாம்.

இரண்டாம் படி: அர்த்தம் பார்க்கும் முன் வாக்கியத்தைப் படியுங்கள்

ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுமே கற்பவர்களுக்கென்று தனி அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். கண் முதலில் அங்கே போகட்டும். தமிழ் அர்த்தம் கடைசியில்.

ஏன் என்று கேட்டால், தமிழில் ஒரு சொல் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் நாலு சொல் நிற்கும். நம்ம ஊர்த் தோலையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது ஸ்கின். ஆட்டுத்தோலும் ஸ்கின். மாடு, எருமை மாதிரிப் பெரிய மிருகத்தின் தோல் வியாபாரத்தில் ஹைட். அதைப் பதனிட்டு ஆம்பூரில் ஷூவாகத் தைக்கும்போது லெதர். ஆரஞ்சுப் பழத்தை உரித்தால் பீல். ‘ஸ்கின் என்றால் தோல்’ என்று ஒரு வரியில் எழுதி வைத்தவர் ‘மை ஷூ இஸ் மேட் ஆஃப் ஸ்கின்’ என்பார். கேட்பவர் கொஞ்சம் பயந்துதான் போவார்.

அகராதியில் ஏழு பொருள் போட்டிருந்தாலும் நீங்கள் பார்த்த இடத்தில் வந்த பொருளை மட்டும் எழுதுங்கள். மற்றவை எதிரே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: மூன்று வாக்கியம்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வாக்கியம். முதலாவது அகராதியிலிருந்து அப்படியே. இரண்டாவது, அதில் ஆளையோ இடத்தையோ மாற்றியது. மூன்றாவது முழுக்க உங்களுடையது, உங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்தது.

‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லைப் பார்ப்போம். வேலூரில் இது தெரியாத பாட்டி கிடையாது. ‘மாமா டிஸ்சார்ஜ் ஆயிட்டார்’ என்கிறோம். இதை அப்படியே ‘மை அங்கிள் டிஸ்சார்ஜ்டு’ என்று எழுதினால் தப்பு. மாமா யாரையோ டிஸ்சார்ஜ் செய்தது போல் ஆகிவிடும். மருத்துவமனைதான் மாமாவை அனுப்புகிறது. அதனால் ‘மை அங்கிள் வாஸ் டிஸ்சார்ஜ்டு ஃப்ரம் ஹாஸ்பிட்டல் ஆன் ஃப்ரைடே.’ அந்த ‘வாஸ்’, அந்த ‘ஃப்ரம்’ இரண்டையும் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். சொல்லோடு யார் யார் கூட வருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பழக வேண்டும்.

‘அட்மிட்’டும் இதே கதைதான். ‘மை அங்கிள் அட்மிட்டட்’ என்றால் மாமா ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். எதை ஒப்புக்கொண்டார் என்று அத்தை கேட்பார்!

சில நாள் கழித்து செய்தித்தாளில் வேறொரு டிஸ்சார்ஜைப் பார்ப்பீர்கள். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகள் சுத்திகரிக்காமல் விட்ட கழிவுநீர் பற்றித்தான் 1996-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அங்கே ‘டேனரீஸ் டிஸ்சார்ஜ் வேஸ்ட் வாட்டர் இன்டு தி ரிவர்.’ இங்கே ‘வாஸ்’ இல்லை, ஏனென்றால் வெளியே விடுவதே தொழிற்சாலைதான். ‘ஃப்ரம்’ போய் ‘இன்டு’ வந்திருக்கிறது. நோயாளியோ கழிவுநீரோ, உள்ளே இருந்தது வெளியே விடப்படுகிறது. அந்தச் சரடைப் பிடித்துக்கொண்டால் போன் பேட்டரி டிஸ்சார்ஜ் ஆவதும் தானாகப் புரியும்.

எழுதியது சரியா என்று சந்தேகம் வந்தால் அகராதி வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலிருந்து ரொம்பத் தூரம் போகாத வாக்கியம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

நான்காம் படி: மூன்று பெட்டி

ஜெர்மனிக்காரர் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. அதற்குத்தான் பெட்டி. நான் வைத்திருப்பவை ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வந்த அட்டை டப்பாக்கள்.

சின்னச் சீட்டின் ஒரு பக்கம் உங்கள் மூன்றாவது வாக்கியத்தை எழுதி, சொல் வரும் இடத்தில் கோடு போடுங்கள். பின்பக்கம் சொல். சொல்லை எழுதி அர்த்தம் கேட்பதைவிட இது கடினம், அதனால்தான் வேலை செய்கிறது. புதுச் சீட்டு முதல் பெட்டியில். அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் இரண்டாம் பெட்டி, மூன்று நாளுக்கு ஒரு முறை. மறுபடி சரி என்றால் மூன்றாம் பெட்டி, வாரம் ஒரு முறை. எங்கே தவறினாலும் சீட்டு முதல் பெட்டிக்கே திரும்ப வேண்டும். ‘கிட்டத்தட்ட சொல்லிட்டேனே’ என்று சலுகை கிடையாது.

சில சீட்டுகள் அடம் பிடிக்கும். என் பெட்டியில் ‘ரிக்ரெட்’ (வருந்துவது) ஐந்து முறை முதல் பெட்டிக்குத் திரும்பி வந்தது. வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒரு மே மாத மத்தியானம் காட்பாடியில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் அலுக்காமல் ‘டீப்லி ரிக்ரெட்டட்’ என்று முடித்தது. வீட்டுக்கு வந்து பழைய சீட்டைக் கிழித்துவிட்டு அந்த வெயிலையும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதினேன். அது இப்போது மூன்றாம் பெட்டியில் இருக்கிறது.