விழாமல் இறங்கினால் போதுமா? தானே ஸ்கீ கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை குளிர்காலப் பள்ளி விடுமுறை நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆஃப்ரிஸ்கீ என்ற பனிச்சறுக்குத் தலத்தின் பேச்சு தொடங்கிவிடும். பெத்லஹெம், ஃபோரிஸ்பர்க் வழியாகப் போய், கலிடன்ஸ்பூர்ட் எல்லையில் பாஸ்போர்ட்டைக் காட்டி, லெசோத்தோவுக்குள் மோட்டெங் கணவாய் ஏறினால் 3,000 மீட்டருக்கு மேலே அந்த வெள்ளைச் சரிவு. டர்பனிலிருந்தும் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். நம்மில் பெரும்பாலானோர் முதல் நாள் ஒரு மணி நேரப் பாடம் கேட்டதோடு சரி; மீதியை யூடியூப் பார்த்தும், விழுந்து எழுந்தும் கற்றவர்கள்.

அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இரண்டு மூன்று குளிர்காலம் போனபிறகும் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். விழாமல் கீழே வந்துவிட்டால் ஸ்கீ தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் இதற்குக் காரணம். சரிவில் நிற்கும்போது பயத்தில் உடம்பு தானாகச் செய்யும் வேலைகள் பெரும்பாலும் ஸ்கீக்கு வேண்டியதற்கு நேர் எதிரானவை. அந்தப் பழக்கத்தோடேயே இறங்கக் கற்றுக்கொண்டால், ஒவ்வொரு இறக்கமும் அதையே இன்னும் ஆழமாகப் பதிக்கிறது.

இவற்றில் முதலும் முக்கியமும் பின்னால் சாய்ந்து உட்காருவது. கீழே பள்ளம் தெரிந்ததும் இடுப்பு பின்னால் போகும், முழங்கால் மடங்கும், நாற்காலியில் அமர்வதுபோல் ஆகிவிடும். எடை குதிகாலுக்குப் போய்விட்டால் ஸ்கீயின் முன்பாதி பனியை அழுத்தாது. திருப்பத்தைத் தொடங்குவதே அந்த முன்பாதிதான். அழுத்தம் இல்லாதபோது ஸ்கீ திரும்ப மறுக்கிறது, நேராக ஓடி வேகம் எடுக்கிறது, வேகம் கூடியதும் பயம் கூடுகிறது, இன்னும் பின்னால் சாய்கிறோம். டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எங்களோடு வந்த ஒரு அண்ணன் நல்ல உடற்பயிற்சி உள்ளவர். காலை பத்தரைக்கே ஓரமாக நின்றுவிட்டு, "தம்பி, தொடை ரெண்டும் நெருப்பா எரியுது, என்னால முடியாது" என்றார். அவருக்குப் பலம் குறையவில்லை. பின்னால் சாய்ந்து நின்றால் உடம்பின் மொத்தப் பாரத்தையும் தொடைத் தசையே தாங்க வேண்டும். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால் அந்தப் பாரத்தை அவையே சுமந்துகொள்ளும். "அண்ணா, ஸ்கீ பூட்ஸோட முன்பக்க நாக்கு முன்னங்கால் எலும்புல எப்பவும் அழுந்திக்கிட்டே இருக்கணும், அதை மட்டும் பாருங்க" என்று சொல்லி, மிகச் சிறிய சரிவில் ஒரு மணி நேரம் அதையே செய்ய வைத்தோம். மதியம் அவர் தொடையைப் பற்றிப் பேசவே இல்லை.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். எளிதான சரிவில் குறுக்காக ஓடும்போது மேல்பக்கக் காலின் ஸ்கீ வாலை மட்டும் ஓர் அங்குலம் தூக்குங்கள். முனை பனியிலேயே இருக்கட்டும். முடிந்தால் எடை சரியான இடத்தில் இருக்கிறது. வால் வராமல் முனைதான் மேலே எழுகிறது என்றால் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். இடுப்பை வலுக்கட்டாயமாக முன்னால் தள்ளுவதோ குனிவதோ இதற்கு மருந்தாகாது. மடங்க வேண்டியது கணுக்கால். அது மடங்கினால் மற்றவை தாமாக இடத்துக்கு வரும்.

கணுக்கால் மடங்குவதற்குப் பூட்ஸ் சரியாக இருக்க வேண்டும். பாதிப்பேரின் தவறு வாடகைக் கவுண்டரிலேயே நடந்துவிடுகிறது. ஸ்கீ பூட்ஸின் அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். 26.5 செ.மீ. பாதத்துக்கு 26.5 பூட். போட்டு நிமிர்ந்து நின்றதும் விரல் முன்னால் முட்டுகிறது என்று நம் ஆட்கள் உடனே ஒரு அளவு, இரண்டு அளவு பெரிதாகக் கேட்கிறார்கள். நிமிர்ந்து நின்றால் விரல் லேசாகத் தொடத்தான் வேண்டும். பக்கிள்களை மாட்டி, முழங்காலை முன்னால் மடக்கிப் பாருங்கள். குதிகால் பின்னால் பதிந்து விரல் விலகிக்கொள்ளும். பெரிய பூட்டுக்குள் பாதம் முன்னும் பின்னும் ஆடும். நீங்கள் காலைத் திருப்பினாலும் ஸ்கீ திரும்பாது. பிடிமானம் தேடி விரல்கள் சுருங்கிப் பாதம் மரத்துப்போகும். குளிருக்கென்று இரண்டு சாக்ஸ் போடுவதும் இதே வகைத் தவறு. இரட்டைச் சாக்ஸ் இறுக்கத்தால் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காலை இன்னும் சில்லிட வைக்கும். மெல்லிய, நீளமான ஒரு சாக்ஸ் போதும். உள்ளே போடும் தெர்மல் பேன்ட்டின் ஓரத்தைப் பூட்டுக்குள் திணிக்காதீர்கள். அந்த மடிப்பு நாள் முழுக்க எலும்பில் அழுந்தினால், பூட்டின் நாக்கில் சாய்வதற்கே மனம் வராது.

மாட்டும் முறையும் உண்டு. குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் பதிய வையுங்கள். முதலில் கணுக்காலுக்கு மேலே இருக்கும் பக்கிளைப் பூட்டிக் குதிகாலை நிறுத்திவிட்டு, பிறகு மற்றவற்றைப் பூட்டுங்கள். விரல்மேல் வரும் பக்கிள் இறுக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு இறக்கத்துக்குப் பிறகு உள்மெத்தை அமுங்கிவிடும். அப்போது ஒரு பல் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை யாரும் செய்வதில்லை.

அடுத்தது சரிவைத் தேர்ந்தெடுப்பது. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி, லிஃப்ட் பாஸுக்கு அத்தனை ராண்ட் கட்டியபின் குழந்தைகள் சரிவில் நிற்க மனம் ஒப்பாது. ஆனால் புதிய பழக்கம் எதுவும் பயம் இல்லாத இடத்தில்தான் உடம்பில் ஏறும். சலிப்புத் தட்டும் அளவுக்கு எளிதான சரிவில் பயிற்சி செய்யுங்கள். பெரிய சரிவுக்குப் போவது அதைச் சோதித்துப் பார்க்க மட்டுமே.

நம் பக்கத்துப் பனியின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே சறுக்கும் பனியில் பெரும்பகுதி இரவில் இயந்திரம் ஊதியது. குளிர்கால மலைக்காற்று உலர்ந்திருப்பதால் அது நன்றாக உருவாகும். ஆனால் இயற்கைப் பனியைவிட அடர்த்தி அதிகம். காலையில் கல்லாக இறுகியிருக்கும். நண்பகலில் இளகும், பிற்பகலில் கூழாகும், வெயில் இறங்கியதும் மறுபடி இறுகும். இளகிய பனியில் நன்றாக வந்த திருப்பம் மறுநாள் காலையில் வழுக்கினால் திறமை போய்விட்டதென்று மனம் தளர வேண்டாம். முதலில் ஸ்கீயின் உலோக விளிம்பைப் பாருங்கள். நகத்தின் மேற்பரப்பை விளிம்பில் லேசாக உரசினால் வெள்ளைத் துகள் வர வேண்டும். வரவில்லையென்றால் விளிம்பு மழுங்கியிருக்கிறது. கவுண்டரில் கொடுத்து வேறு ஜோடி கேளுங்கள். தயங்கத் தேவையில்லை. டர்பனிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. ஜோகன்னஸ்பர்க்காரர்கள் 1,700 மீட்டரில் வாழ்ந்து ஓரளவு பழகியவர்கள். கடற்கரையிலிருந்து வருபவர் முதல் நாள் அவர்களோடு போட்டி போட்டால் தலைவலிதான் மிச்சம்.

வேகத்தைக் குறைக்க எல்லோரும் முதலில் கற்பது ஸ்னோபிளவ். ஸ்கீ முனைகளைச் சேர்த்து, வால்களை விரிக்கும் முறை. பிள்ளைகள் பீட்சா என்பார்கள். தொடக்கத்துக்கு அது நல்லது. சரிவு செங்குத்தாக ஆக ஆக இன்னும் அகலமாக விரிப்பது மட்டும் உதவாது. இறுகிய பனியில் அது பிடிக்காது, முழங்காலைத்தான் வருத்தும். வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியது திருப்பத்தின் வடிவம். சரிவில் தண்ணீர் ஊற்றினால் எந்த வழியில் ஓடுமோ, அந்த வழியில்தான் வேகம் கூடும். திருப்பத்தை முழுதாக முடித்து ஸ்கீ அந்த வழிக்குக் குறுக்காக, சற்றே மேல்நோக்கி வரும்வரை காத்திருந்தால் வேகம் தானே அடங்கும். தானாகக் கற்றவர்கள் காத்திருப்பதில்லை. ஸ்கீ கீழ்நோக்கித் திரும்பும் அந்த ஒரு நொடி பயமாக இருப்பதால் குதிகாலை வெடுக்கென்று வெளியே உதைத்துத் திருப்புகிறார்கள். வளைவு போய்க் கோணல்மாணலான வெட்டுகள்தான் பனியில் மிஞ்சுகின்றன. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே திரும்புங்கள். இரண்டு எண்ணும்போது ஸ்கீ நேர் கீழே பார்க்கட்டும். மூன்றில் வளைவு முடியட்டும்.

பக்கவாட்டுச் சறுக்கலை ஏனோ யாரும் பயிற்சி செய்வதே இல்லை. சரிவுக்குக் குறுக்காக நின்று, இரண்டு ஸ்கீயையும் மெல்ல மெல்லத் தட்டையாக்குங்கள். பக்கவாட்டில் இறங்கத் தொடங்கும். விளிம்பைக் கொஞ்சம் கூட்டினால் நிற்கும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்தப் பயிற்சியை நான் வேறெதையும்விட மேலாக மதிக்கிறேன். விளிம்பு எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பாதம் அப்போதுதான் படிக்கிறது. கைமீறிச் செங்குத்தான இடத்தில் மாட்டிக்கொண்டால் பத்திரமாக இறங்கவும் இதுவே வழி.

தோளைச் சுழற்றித் திரும்புவது இன்னொரு பரவலான பழக்கம். தோள் முதலில் சுழன்றால் இடுப்பு தொடரும், வெளிப்பக்க ஸ்கீ வழுக்கும், அடுத்த திருப்பத்துக்கு உடம்பை முழுதாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கும். டர்பன் மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுத்து வருபவரைப் பார்த்திருப்பீர்கள். கால்கள் எவ்வளவு ஆடினாலும் தலையும் தோளும் அசையாது. ஸ்கீயிலும் அப்படித்தான்: தொடை இடுப்புக் குழிக்குள் சுழல வேண்டும், மார்பு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

அதோடு சேர்ந்து வருவது மலைப்பக்கம் சாய்தல். இடப்பக்கம் திரும்பும்போது வலக்கால்தான் வெளிக்கால். எடையில் பெரும்பங்கு அதன்மேல் நிற்க வேண்டும். பயம் நம்மை உள்ளே, மலையைப் பார்த்துச் சாய்க்கிறது. எடை உள்காலுக்குப் போனதும் வெளி ஸ்கீ பிடி விட்டுவிடும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு முறை ஸ்கீ உலகக் கோப்பை ஒட்டுமொத்தப் பட்டம் வென்ற மார்சல் ஹிர்ஷரின் வீடியோக்களைப் பார்த்து, அவரைப்போல் இடுப்பு பனியை உரசச் சாய முயலும் இளைஞர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அந்தச் சாய்வு அவர் வேகத்தின் விளைவு. அந்த வேகமும் விசையும் இல்லாமல் சாய்ந்தால் தாங்க எதுவும் இருக்காது. வீடியோவில் பார்க்க வேண்டியது அவருடைய வெளிக்காலை.

கண் ஸ்கீ முனையில் இருக்கக் கூடாது, இரண்டு திருப்பம் தள்ளி இருக்க வேண்டும். இரு கைகளும் எப்போதும் பார்வைக்குள் தெரியட்டும். கோலை ஊன்றிய கை பின்னால் போனால் தோளையும் இழுத்துச் செல்லும். கம்பியில் தொங்கும் T வடிவக் கட்டையால் மேலே இழுத்துச் செல்லும் டி-பார் லிஃப்ட்டில் உட்காராதீர்கள், அது இழுக்கத்தான், அமர அல்ல. வழியில் நிற்க வேண்டுமானால் மேலிருந்து வருபவர்களுக்குத் தெரியும் இடத்தில் ஓரமாக நில்லுங்கள். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருபவர்தான் விலகிப் போக வேண்டும் என்பது சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் (FIS) விதி.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வாடகைப் படிவத்தில் எடை, உயரம், வயது, எந்த வகை ஸ்கீயர் என்றெல்லாம் கேட்பார்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது எந்த விசையில் பூட்ஸை விடுவிக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொல்வதும், கெட்டிக்காரர் பிரிவில் டிக் அடிப்பதும் உங்கள் முழங்காலோடு விளையாடுவது. அடிக்கடி கழல்கிறதென்று ஸ்குரூ டிரைவரால் நீங்களே இறுக்காதீர்கள், டெக்னீஷியனிடம் கொடுங்கள். எவ்வளவு சரியாக அமைத்த பைண்டிங்கும் முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநாரை (ACL) முழுதாகக் காக்காது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பனிச்சறுக்குக் காயங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர்கள், அந்தத் தசைநார் கிழியும் முக்கியமான ஒரு சூழலை விவரித்திருக்கிறார்கள்: இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கும், ஒரு கை பின்னால் போயிருக்கும், மொத்த எடையும் கீழ்ப்பக்க ஸ்கீயின் வாலில் உள்விளிம்பின்மேல் விழும். பின்னால் சாய்ந்து உட்காரும் அதே பழக்கத்தின் கடைசிக் கட்டம் இது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் எதிர்த்துப் போராடாமல் விழுந்துவிடுங்கள். கைகளை முன்னால் கொண்டுவந்து, கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்கியே வைத்திருங்கள். சறுக்கல் முழுதாக நிற்கும்வரை எழ முயலாதீர்கள்.

ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு திருத்தம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இயந்திரம் சீவிச் சமப்படுத்திய சரிவில் காலையில் முதல் ஆளாக இறங்கி, நின்று, திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள். அகலமாக இழுபட்ட கறை எந்த இடத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் வெளிக்கால் பிடி விட்டிருக்கிறது. நண்பரிடம் போனைக் கொடுத்துக் கீழிருந்து ஒன்றும் பக்கவாட்டிலிருந்து ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் உட்காருவது பக்கவாட்டில்தான் தெரியும். பயிற்சியாளருக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் முதல் நாள் காலைக்குப் பதில் இரண்டாம் நாள் காலை எடுங்கள். முதல் நாள் எடுத்த வீடியோவைக் காட்டி, "இதில் முதலில் எதைத் திருத்துவது, அதற்கு எந்தப் பயிற்சி?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பயிற்சியை அன்று மாலைவரை எளிய சரிவிலேயே செய்யுங்கள், பாஸில் இன்னும் நேரம் மிச்சம் இருந்தாலும்.