ரைட்டிங் சென்டரில் ட்யூட்டர் வேலையா? நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

அமெரிக்காவுக்கு எம்.எஸ்., பிஎச்.டி. படிக்கப் போகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே கல்லூரி வளாகத்துக்குள் ஒரு வேலை தேட ஆரம்பித்துவிடுவார்கள். எஃப்-1 விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். கேன்டீன், நூலகம், லேப் என்று எல்லாரும் அலையும்போது சிலருக்கு மட்டும் ரைட்டிங் சென்டரில் ட்யூட்டர் வேலை கிடைக்கும். கட்டுரை எழுதத் திணறும் மாணவர்கள் நேரம் குறித்துக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி, முக்கால்மணி அவர்கள் எழுதியதைப் பற்றிப் பேச வேண்டும். மார்க் போடும் வேலை கிடையாது. திருத்திக் கொடுக்கும் வேலையும் கிடையாது. இந்த இரண்டாவது விஷயம் மண்டையில் ஏற எனக்கு ஒரு செமஸ்டர் பிடித்தது.

காரணம் நம் பள்ளிக்கூடம்தான். கட்டுரை நோட்டு என்றால் சிவப்பு மை, சுழித்த வட்டம், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. யாராவது ஒரு தாளை முன்னால் வைத்தாலே கை தானாகப் பேனாவைத் தேடும்.

முதல் வாரத்தில் நர்சிங் படிக்கும் ஒரு முதலாண்டு மாணவி ஐந்து பக்கக் கட்டுரையோடு வந்தாள். மாலை ஐந்து மணிக்குள் சமர்ப்பிக்க வேண்டுமாம். நான் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். இங்கே கமா, அங்கே ஒருமை பன்மை, இந்தச் சொல் வேண்டாம். அவள் ‘ஓகே, ஓகே’ என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிடம் போனது. கிளம்பும் நேரத்தில் பையிலிருந்து ஒரு தாள் எட்டிப் பார்த்தது. பேராசிரியர் கொடுத்த கேள்வித்தாள். இரண்டு கட்டுரைகளை ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார். அவள் எழுதியிருந்ததோ முழுக்க முழுக்கச் சொந்தக் கருத்து. நான் கமா வைத்து அலங்கரித்த மூன்று பக்கங்கள் அப்படியே தூக்கிப் போட வேண்டியவை.

அதனால் கேள்வித்தாளைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். என்ன கேட்டிருக்கிறார்கள், அதற்கு இவர் என்ன பதில் சொல்கிறார், அந்தப் பதிலுக்கு ஆதாரம் இருக்கிறதா, பத்திகள் சரியான வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் இலக்கணம். இந்தத் துறையில் முன்னதை ‘ஹையர் ஆர்டர்’ என்றும் பின்னதை ‘லோயர் ஆர்டர்’ என்றும் சொல்வார்கள். ஆனால் மாணவர்கள் ‘சும்மா கிராமர் மட்டும் பாருங்கள்’ என்றுதான் கேட்பார்கள். வேறெப்படிக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முகத்தில் அடித்த மாதிரி மறுக்க வேண்டாம். ‘பார்க்கலாம், முதலில் ஒரு பத்தி வாசியுங்கள்’ என்றால் போதும்.

வாசிப்பது அவர்களாக இருக்கட்டும், அதுவும் சத்தமாக. நீங்கள் மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தால் அவர்கள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். வாய்விட்டு வாசிக்கும்போது பாதித் தவறுகளில் அவர்களே தடுக்கி நிற்பார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம்.

இனி நேர் எதிர்த் தவறு. 1984இல் ஸ்டீபன் நார்த் என்ற பேராசிரியர், ரைட்டிங் சென்டரைச் சக ஆசிரியர்களே ஏதோ பழுதுபார்க்கும் கடையாக நினைக்கிறார்கள் என்று கொதித்து ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையைச் சரிசெய்வதைவிட எழுதுகிற ஆளை வளர்ப்பதுதான் எங்கள் வேலை என்பது அதன் சாரம். 1991இல் ஜெஃப் புரூக்ஸ் இன்னும் ஒரு படி போனார்: ட்யூட்டர் பென்சிலையே கையில் எடுக்க வேண்டாம். இரண்டும் பயிற்சி வகுப்பில் வேதவாக்கு மாதிரி வரும். நல்ல விஷயம்தான். நர்சிங் மாணவி விவகாரத்துக்குப் பிறகு நானும் வைராக்கியமாக மாறினேன். எதைக் கேட்டாலும் ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டேன்.

சீனாவிலிருந்து வந்திருந்த ஒரு மாணவர் ஒரு வரியைக் காட்டி, இங்கே ‘இன்’ வருமா, ‘ஆன்’ வருமா என்றார். வழக்கம்போல் ‘உங்களுக்கு எது சரியாகப் படுகிறது?’ என்றேன். அவர் அமைதியாகச் சொன்னார்: ‘அது தெரிந்திருந்தால் நான் ஏன் வந்திருக்கப் போகிறேன்?’

நியாயம்தானே. கேள்வி கேட்டுக் கேட்டு ஒருவரின் கருத்தை வெளியே கொண்டுவரலாம். அவருக்குள் இல்லாத வழக்குச் சொல்லை எப்படிக் கொண்டுவருவது? ஆங்கிலம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்காக உருவான முறையை மற்றவர்கள் மேல் அப்படியே ஏற்றினால் அது வீம்புதான். முன்னிடைச் சொல், மரபுத்தொடர் போன்றவற்றை நேராகச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஆனால் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு தவறை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு இடத்தில் செய்து காட்டி, மூன்றாவதை அவரிடம் விடுங்கள்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தின் ‘தி’ (the) தமிழிலும் கிடையாது, சீனத்திலும் கிடையாது. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு இரண்டு மனைவி’ என்று பாட்டி கதை சொல்வாள் அல்லவா? முதலில் ‘ஒரு’, அடுத்த தடவை ‘அந்த’. ஆங்கிலத்தின் ‘எ’வும் ‘தி’யும் ஏறக்குறைய அப்படித்தான் என்று அந்தச் சீன மாணவருக்கு விளக்கினேன், பிடித்துக்கொண்டார். பாதி வழிக்குத்தான் இது உதவும். சூரியனை ஆங்கிலத்தில் எடுத்த எடுப்பிலேயே ‘தி சன்’ என்கிறார்களே, அதற்குப் பாட்டியிடம் பதில் இல்லை.

ஆங்கிலம் தாய்மொழி இல்லையே என்ற பயத்தில் இலக்கண விதிகளை எடுத்துவிட்டு மிரட்டுவதும் ஒரு தவறு. நானும் செய்திருக்கிறேன். ‘பாஸிவ் வாய்ஸ்’ நமக்கு மனப்பாடம், அங்கே பிறந்து வளர்ந்த பல மாணவர்களுக்கு அந்தப் பெயரே புதிது. மிரண்டு போவார்களே ஒழிய, எழுத்து நகராது.

புரியாததைப் புரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஒரு லேப் ரிப்போர்ட் தலைகால் புரியவில்லை என்றால் ‘எனக்குப் புரியவில்லை, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். எழுதியதைவிட நன்றாக வாயால் சொல்வார்கள். ‘இப்போது சொன்னீர்களே, அதையே எழுதுங்கள்’ என்று அங்கேயே எழுத வையுங்கள். அவர்கள் யோசிக்கும்போது வரும் மௌனத்தை நிரப்பத்தான் வாய் துறுதுறுக்கும். நான் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் மூன்று வரியாவது விழுந்திருக்கும்.

சில்லறை விஷயங்கள் சில. ‘இதற்கு ஏ கிரேடு வரும்’ என்று வாயை விடாதீர்கள், மார்க் உங்கள் கையில் இல்லை. பேராசிரியரைப் பற்றி மாணவர் புலம்பினால் கூடச் சேர்ந்து புலம்பாதீர்கள். மாணவர் வந்துபோனதை அவருடைய சம்மதமில்லாமல் பேராசிரியரிடம் சொல்லவும் கூடாது. மாணவர் பதிவுகளைக் காக்க ஃபெர்பா என்று 1974லேயே சட்டம் போட்ட நாடு அது. சாட்ஜிபிடி வாடை அடித்தால் போலீஸ் வேலை பார்க்க வேண்டாம். அந்தப் பாடத்தின் சிலபஸில் அதைப் பற்றி என்ன இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடைசி ஐந்து நிமிடத்தைப் பேச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறார் என்று ஒரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அதையும் நானே அழகாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலையில் மேசையைத் துடைக்கும்போது நாலைந்து சீட்டு அங்கேயே கிடக்கும், எல்லாம் என் கையெழுத்து.