மந்திரவாதியைக் கட்டிப்போட்டால் ஸ்பெல் போட முடியுமா?

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதையாட்டத்தில், வலையில் சிக்கிய மந்திரவாதி ஸ்பெல் (மந்திரம்) போட முடியாது என்று பல டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் அப்படி ஒரு வரியே கிடையாது. வேகம் பூஜ்யமானால் நடைதான் போகும். ஸ்பெல் தடைபட வேண்டுமானால் வாய் (மந்திரச் சொல்), கை (அசைவு), டர்னில் (தன் முறையில்) செய்யும் முக்கியச் செயலான ஆக்‌ஷன் இந்த மூன்றில் ஒன்று போயிருக்க வேண்டும். எந்த நிலை வந்தாலும் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடு ஒன்றையே களமாக வைத்துக்கொள்வோம். முகப்பு, வளவு (உள்முற்றம்), இரண்டாம் கட்டு, பின்வாசல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்குக் கட்டம் போட்ட தாள் தேவையில்லை. ஒரு கல்லுக்கு 5 அடி என்று கணக்கு வைத்தால் போதும்.

முகப்பில் ஓர் ஓகர் (பெரிய அரக்கன்) மந்திரவாதியைப் பிடித்துக்கொண்டது. இது கிராப்பிள். வேகம் பூஜ்யம், அவ்வளவுதான். வாயும் கையும் ஆக்‌ஷனும் அப்படியே இருக்கின்றன. தடுமாற்றம் வேறு இடத்தில் வரும். எதிரி 5 அடிக்குள் நிற்கும்போது ஃபயர் போல்ட் போன்ற தூரத் தாக்குதலுக்கு டிசட்வான்டேஜ் (டைஸை இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது) உண்டு. அதனால் எதிரி சேவ் (தப்பிக்க உருட்டும் டைஸ்) போட வேண்டிய ஆசிட் ஸ்ப்ளாஷ் மாதிரியானதை எடுங்கள். தண்டர்வேவ் இன்னும் நல்லது: ஓகர் கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) சேவில் தோற்றால் 10 அடி, அதாவது இரண்டு கல் தள்ளப்படும், பிடியும் விட்டுப்போகும். சேவில் ஜெயித்தால் பாதி டேமேஜ் மட்டுமே, பிடி அப்படியே இருக்கும்.

நொடியில் இடம் மாற்றும் மிஸ்டி ஸ்டெப் ஸ்பெல்லுக்கு வாய் மட்டும் போதும். டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் 30 அடி, ஆறு கல். போய்ச் சேரும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முகப்பில் நின்றாலே உள்ளே வெகுதூரம் தெரியும். கதவைச் சாத்தி வைப்பது எதிரிக்கு எவ்வளவு லாபம் என்று டிஎம் யோசிக்க வேண்டிய இடம் இது. மிஸ்டி ஸ்டெப் போட்ட அதே டர்னில் ஆக்‌ஷனில் கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய எளிய ஸ்பெல்) மட்டுமே போடலாம். 2024 விதிகளில் இது மாறி, ஒரு டர்னுக்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (பெரிய ஸ்பெல்லுக்குச் செலவாகும் இருப்பு) என்றாகிவிட்டது. அதே விதிகளில் கிராப்பிளும் கடுமையாகியிருக்கிறது. பிடிபட்டவர், பிடித்தவனைத் தவிர வேறு யாரைத் தாக்கினாலும் டிசட்வான்டேஜ்.

அடுத்து ரிஸ்ட்ரெயின்ட் (கட்டுண்ட நிலை). அதிகச் சண்டை வருவது இதில்தான். வெப் (வலை) ஸ்பெல் 20 அடிக் கனசதுரம், நாலு கல்லுக்கு நாலு கல். வளவைச் சுற்றியுள்ள தேக்குத் தூண்களுக்கு இடையே கட்டினால் முழு உயரத்துக்கும் நிற்கும். பிடிமானம் இல்லாத வெட்டவெளியில் தரைமேல் விரித்தால் 5 அடி ஆழம்தான். உள்ளே சிக்கியவரின் தாக்குதலுக்கும் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவுக்கும் டிசட்வான்டேஜ், அவர்மேல் வரும் தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (இரண்டு உருட்டலில் பெரியது). கை கால் அசைவுக்குத் தடை என்று எங்கும் எழுதவில்லை. ஆகவே சோமாட்டிக் (கையசைவு வேண்டிய) ஸ்பெல்லும் போடலாம். கான்சன்ட்ரேஷனும் (நடந்துகொண்டிருக்கும் ஸ்பெல்லின்மேல் வைக்கும் கவனம்) தானாகக் கலையாது; ஆனால் அடிகள் அதிகம் விழுவதால் சேவ் அதிகம் போட வேண்டிவரும். 26 டேமேஜ் வாங்கினால் அந்தச் சேவின் இலக்கு அதில் பாதி, 13. வலையைப் பிய்க்க ஸ்ட்ரெங்த் (பலம்) 8 உள்ளவர், அதாவது உருட்டலில் ஒன்று குறைபவர், இலக்கு 15-க்கு முயன்றால் 20 முக டைஸில் 16 அல்லது மேல் விழ வேண்டும், நாலில் ஒரு வாய்ப்பு. ஆக்‌ஷனை அதில் வீணாக்காதீர்கள்.

கயிறு வேறு கதை. ரிஸ்ட்ரெயின்ட் என்ற சொல் கையைப் பற்றி எதுவும் சொல்லாது. கட்டும்போதே டிஎம் மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: கை முன்னால் கட்டா பின்னால் கட்டா, வாயில் துணி உண்டா, மந்திரப் பை (ஸ்பெல்லுக்கான பொருள்கள்) யாரிடம். "அண்ணே, விரல் அசையுதா?" என்ற கேள்வி பிறகு வந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். கை பின்னால் கட்டு என்றால் வாய்மட்டும் கேட்கும் ஸ்பெல்களே மிச்சம். சார்சரர் (பிறவியிலேயே மந்திரம் உள்ள வகையினர்) ஒரு பாயின்ட் செலவழித்து சட்டில் ஸ்பெல் என்ற உத்தியைப் பயன்படுத்தினால் வாயும் கையசைவும் தேவையில்லை. பொருள் தேவைப்படும் ஸ்பெல்லுக்குப் பொருள் வேண்டியதுதான்.

ப்ரோன் ஆனவர் (தரையில் விழுந்தவர்) எழ வேகத்தில் பாதி போகும். வேகம் பூஜ்யம் என்றால் எழவே முடியாது. தாக்குதல் ஸ்பெல்லுக்கு மட்டும் டிசட்வான்டேஜ்.

பேரலைஸ்ட் (உடல் முடங்குவது), ஸ்டன்ட் (திகைத்து நிற்பது) இரண்டிலும் ஆக்‌ஷனும் ரியாக்‌ஷனும் போய்விடும், கான்சன்ட்ரேஷன் உடனே முறியும். ஸ்டன்ட் ஆனவர் திக்கித் திக்கிப் பேசலாம் என்பதை வைத்து ஸ்பெல் கேட்பவர்கள் உண்டு. ஆக்‌ஷன் இல்லாமல் பேச்சு உதவாது. ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் ஸ்பெல்லை முன்கூட்டியே போட்டிருந்தால் ஹோல்ட் பர்சன் ஸ்பெல்லால் பேரலைஸ் ஆக மாட்டார். ஒரு மணி நேரம் நிற்கும், கான்சன்ட்ரேஷன் வேண்டாம். ஸ்டன்ட்டை அது தடுக்காது.

மந்திரவாதியை உண்மையாகவே முடக்க வேண்டுமா? சைலன்ஸ் (சத்தத்தை அடக்கும் ஸ்பெல்) வட்டத்துக்குள் கிராப்பிள் செய்து வையுங்கள். மையத்திலிருந்து நாலு கல் தூரம் சத்தம் கிடையாது. வாய் போனதால் மிஸ்டி ஸ்டெப்பும் போச்சு. அப்போது மீட்க வருபவர் ஓகரையோ மந்திரவாதியையோ 5 அடி தள்ளிப் பிடியை விடுவிக்கட்டும். மந்திரவாதி தன் டர்னில் நாலு கல் நடந்து வெளியே வந்து, மிச்சமிருக்கும் ஆக்‌ஷனில் ஸ்பெல் போடலாம்.