தி ஷோ கேம்ல நிஜ மைனர் லீக் பசங்களை கொண்டு வர்றது எப்படி

எம்எல்பி தி ஷோங்கற அமெரிக்க பேஸ்பால் வீடியோ கேம்ல பிரான்சைஸ் மோட் (ஒரு டீமை வருஷக்கணக்கா நாமே நடத்தறது) ஆரம்பிச்சு டபுள்-ஏ ரோஸ்டரை, அதாவது மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழ இருக்கற மைனர் லீக் டீமோட ஆளுங்க பட்டியலை, தொறந்து பாருங்க, பாதி பேரு யாருன்னே தெரியாது, எல்லாம் கேமே போட்டு நிரப்பின டம்மி ஆளுங்க. லைசென்ஸ் விஷயம்தான் காரணம், ஆளுங்க பேரை கேம்ல போடற உரிமை அவங்க யூனியன் வழியாத்தான் வருது. மைனர் லீக் பசங்க பிளேயர்ஸ் யூனியனுக்குள்ள வந்ததே 2022 செப்டம்பர்லதான், அதுக்கு முன்னாடி மேஜர் லீக் டீமோட 40 மேன் ரோஸ்டர்ல இடம் கிடைச்சாதான் யூனியன்ல சேர்த்தி. இப்ப கொஞ்சம் ப்ராஸ்பெக்ட்ஸ் (நாளைக்கு பெரிய ஆளா வருவாங்கன்னு எதிர்பார்க்கற பசங்க) கேம்லயே வர்றாங்க, ஆனா 30 டீமுக்கும் தலா நாலு ஃபுல் சீசன் அஃபிலியேட் (அவங்களோட மைனர் லீக் டீம்), ஆக மொத்தம் 120 டீம், அத்தனை பேரையும் யாரு போடுவா. மிச்சத்தை நாமதான் பண்ணிக்கணும்.

மொதல்ல ஒரே ஒரு டீமை எடுங்க. 30 டீமையும் செய்யறேன்னு கிளம்பினவங்க பாதில விட்டுட்டு ஓடினதுதான் அதிகம். எம்எல்பி பைப்லைன் சைட்ல ஒவ்வொரு டீமுக்கும் டாப் 30 ப்ராஸ்பெக்ட் லிஸ்ட் இருக்கும், ஃபேன்கிராஃப்ஸ் சைட்ல இன்னும் நீளமாவே இருக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சுக்கோங்க. அப்புறம் புது ஆளை உருவாக்கறதைவிட அதே பொசிஷன்ல, அதே கை பழக்கத்துல, கிட்டத்தட்ட அதே வயசுல இருக்கற டம்மி ஆளை எடிட் பண்றது சுலபம், அவன் ஏற்கனவே டீம் லைனப்ல உக்காந்திருப்பான், நீங்க எதையும் நகர்த்த வேணாம்.

பேரு, பொறந்த தேதி, உயரம், எந்தக் கையால பேட்டிங், எந்தக் கையால த்ரோ, இதெல்லாம் பேஸ்பால் ரெஃபரன்ஸ் சைட்ல அப்படியே கிடைக்கும். எடையை மட்டும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க. லத்தீன் அமெரிக்க பசங்க 16 வயசுல சைன் பண்ணுவாங்க, அன்னைக்கு எழுதின எடையே 20 வயசுலயும் அப்படியே கிடக்கும், சமீபத்து வீடியோ ஒண்ணு பார்த்துட்டு உடம்பை செட் பண்ணுங்க. பொறந்த தேதி ரொம்ப முக்கியம், ஏன்னா கேம்ல ஒருத்தன் வளர்றதும் தேயறதும் வயசை வெச்சுதான்.

இனிமேதான் நிஜமான வேலை, ரேட்டிங்ஸ். பெரும்பாலும் எல்லாரும் சொதப்பறது இங்கதான். பையன் டபுள்-ஏல .320 பேட்டிங் சராசரி அடிச்சிருக்கான்னு கான்டாக்ட் (பந்தை பேட்ல படவைக்கற திறமை) 85 போட்டுடறாங்க. அது டபுள்-ஏ பிட்சிங்க்கு எதிரா அடிச்ச .320ங்க. கேம்ல இருக்கற ரேட்டிங் எல்லா லெவலுக்கும் ஒரே அளவுகோல், மேஜர் லீக் ஆளுங்களும் இவனும் ஒரே தராசுல. அதனால இன்னைக்கு இவனை மேஜர் லீக்ல இறக்கினா என்ன ஆவான், அதை ரேட்டிங்ல போடுங்க, நாளைக்கு என்ன ஆவாங்கறதை பொட்டென்ஷியல்ல போடுங்க. ஜாக்சன் ஹாலிடேவை பாருங்க, 2022ல ட்ராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கறது) முதல் ஆளா ஓரியோல்ஸ் டீம் எடுத்தாங்க, 2023ல ஒரே வருஷத்துல நாலு லெவலும் ஏறி .323 அடிச்சான், 2024 ஏப்ரல்ல மேஜர் லீக் வந்ததும் 34 அட்-பேட்ல வெறும் 2 ஹிட், திரும்ப அவங்க ட்ரிபிள்-ஏ (மேஜருக்கு ஒரு படி கீழ) டீமான நோர்ஃபோக்குக்கே அனுப்பிட்டாங்க. அந்த ஏப்ரல் மாச ஹாலிடேவை செய்யணும்னா கான்டாக்ட் 50 பக்கம், பொட்டென்ஷியல் ஏ. ரெண்டும் ஒரே ஆள்தான்.

ஸ்கவுட்டுங்க போடற கிரேடு 20லேருந்து 80 வரைக்கும், 50ன்னா மேஜர் லீக் சராசரி. ஃபேன்கிராஃப்ஸ்ல 35/55ன்னு ரெண்டு நம்பரா இருக்கும், முதல் நம்பர் இன்னைக்கு, ரெண்டாவது நாளைக்கு. நமக்கு ரேட்டிங்க்கு வேணும்கிறது முதல் நம்பர். பைப்லைன்ல ஒரே நம்பர்தான், அது பெரும்பாலும் எதிர்காலத்தைப் பத்தினது, அதை அப்படியே தூக்கிப் போட்டா 19 வயசுப் பையன் ஆல்-ஸ்டாரா நிப்பான். 20-80ஐ 0-99க்கு மாத்த பெரிய ஃபார்முலா எல்லாம் தேவையில்ல, கேம்லயே இருக்கற தெரிஞ்ச ஆளை எடுத்துக்கோங்க, உங்களுக்கு சராசரி ஆர்ம் (எறியற பலம்) உள்ளவன்னு தோணற ஒரு ஷார்ட்ஸ்டாப்போட ஆர்ம் நம்பர் என்னவோ அதுதான் உங்க 50, அங்கேருந்து மேல கீழ போங்க.

எந்த ஸ்டாட் எந்த ரேட்டிங்க்கு போகுதுன்னா, ஸ்ட்ரைக்அவுட் சதவீதம் விஷனுக்கு, வாக் (நாலு தப்பான பந்துக்கு கிடைக்கற இலவச பேஸ்) சதவீதம் டிசிப்ளினுக்கு. லெஃப்ட் ரைட் ஸ்ப்ளிட் பார்க்கும்போது ஜாக்கிரதை, இடது கை பிட்சருக்கு எதிரா 60 அட்-பேட்ல .400 அடிச்சான்னா அது ஒண்ணுமே இல்ல, ரெண்டு பக்கத்தையும் கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்க. வேகத்துக்கு சான்ட்லர் சிம்ப்சன் நல்ல உதாரணம், 2024ல மைனர்ஸ்ல 104 பேஸ் திருடினான், ஸ்பீடும் ஸ்டீலும் 99 போட்டாலும் தப்பில்ல, ஆனா பவர் அடிமட்டத்துல இருக்கணும். ஓவரால் நம்பர் அசிங்கமா தெரியுதேன்னு பவரை ஏத்திடாதீங்க ப்ளீஸ், ஏத்தினா அவன் சிம்ப்சனே இல்ல.

எந்த ஊர்ல ஆடினான்னும் பாருங்க. அல்புகெர்கி, ரீனோ, லாஸ் வேகாஸ் மாதிரி பசிஃபிக் கோஸ்ட் லீக் ஊருங்க உயரத்துல இருக்கு, காத்து லேசு, பந்து பறக்கும், அங்க அடிச்ச 25 ஹோம் ரன்னை அப்படியே நம்பக்கூடாது. ஃப்ளோரிடா ஸ்டேட் லீக் நேர் எதிர், பெரிய பெரிய ஸ்ப்ரிங் ட்ரெய்னிங் மைதானம், அங்க 10 ஹோம் ரன் அடிச்சவன்கிட்ட நிஜமான பவர் இருக்கலாம். இன்னொண்ணு, 2023 முதல் பாதில சதர்ன் லீக்ல பிசுபிசுப்பு தடவின பந்தை சோதனைக்கு விட்டாங்க, ஸ்ட்ரைக்அவுட் எகிறிடுச்சு, அந்த நம்பரை வெச்சு ஒரு பிட்சருக்கு கே/9 (9 இன்னிங்ஸ்க்கு எத்தனை ஸ்ட்ரைக்அவுட்ங்கற ரேட்டிங்) போட்டீங்கன்னா கதை கந்தல். நல்ல விஷயம் என்னன்னா ட்ரிபிள்-ஏ ஸ்டாட்காஸ்ட் டேட்டா (கேமரா வெச்சு அளந்த பந்து விவரம்) பேஸ்பால் சாவன்ட் சைட்ல இப்ப எல்லாருக்கும் தொறந்தே இருக்கு, எக்ஸிட் வெலாசிட்டி (பேட்ல பட்டு பந்து கிளம்பற வேகம்) பார்த்து பவர் போடறது ஹோம் ரன் எண்ணறதைவிட நூறு மடங்கு மேல்.

பிட்சர்ஸ்க்கு ஃபாஸ்ட்பால் வேகத்துல உச்சத்தை எடுக்காதீங்க, ஸ்கவுட் ரிப்போர்ட்ல 99 மைல் வேகம் தொட்டான்னு இருக்கும், ஆனா வழக்கமா வீசறது 95தான் இருக்கும், அந்த 95தான் வேணும். பந்து வகையை பேரைப் பார்த்து தேர்ந்தெடுக்காம அது போற போக்கைப் பார்த்து எடுங்க. பைரேட்ஸ் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் வீசற ஸ்ப்ளின்கர் சிங்கரும் இல்ல ஸ்ப்ளிட்டரும் இல்ல, அந்த மாதிரி பந்து வீசற ஒரு பையனை செய்யறப்போ லிஸ்ட்ல அந்தப் பேரு இல்லைன்னா ஸ்ப்ளிட்டரை எடுத்து வேகத்தை ஏத்துங்க, பந்து கீழ விழறது முக்கியம், பேரு இல்ல. பிபி/9 (9 இன்னிங்ஸ்க்கு எத்தனை வாக் கொடுக்கறான்ங்கறது, ரேட்டிங் கூடினா வாக் குறையும்) ரேட்டிங்கை மட்டும் கண்டிப்பா இறக்கியே வைங்க, சின்ன லெவல்ல ஸோனுக்கு வெளிய போற பந்தையும் துரத்துவாங்க, மேல போனா அவ்வளவா துரத்த மாட்டாங்க.

பேட்டிங் ஸ்டான்ஸ், முகம் இதுக்கெல்லாம் ரொம்ப மெனக்கெட வேணாம், கிட்டத்தட்ட பொருந்தற ஸ்டான்ஸ் எடுத்து கை உயரத்தை மாத்தினா போதும். கமென்டேட்டர் கூப்பிடற குடும்பப் பேரு ஆடியோ லிஸ்ட்ல இருக்கான்னு மட்டும் தேடிப் பாருங்க, இருந்தா ஆடறப்போ தனி சுகம்.

எல்லாம் முடிஞ்சதும் ரோஸ்டரை தனி பேர்ல சேவ் பண்ணிட்டு, வேற ஒரு பிரான்சைஸ்ல அஞ்சு சீசன் சிமுலேட் பண்ணி விடுங்க. நீங்க செஞ்ச 30 பேர்ல பத்து பேரு ஆல்-ஸ்டார் ஆயிட்டாங்கன்னா பொட்டென்ஷியலை தாராளமா அள்ளி விட்டிருக்கீங்கன்னு அர்த்தம். டாப் ரெண்டு மூணு பேருக்கு ஏ, அடுத்த ஏழெட்டு பேருக்கு பி, மிச்ச எல்லாருக்கும் சி, டின்னு குறைச்சுட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க. லிஸ்ட்ல 25வது இடத்துல இருக்கறவன் பென்ச்லயோ புல்பென்லயோ (மாத்து பிட்சர்கள் இடம்) வந்து உக்காந்தா அளவு சரியா இருக்கு, அப்ப அந்த ரோஸ்டர்ல உங்க மெயின் பிரான்சைஸை ஆரம்பிங்க.